ஒரு யூனிட்

ரெண்டு நாள் என்றுதான் வந்தார்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஒற்றை அறை, பாத்திரம் கழுவ ஒரு மூலை,
கழுத்து ஒடிந்து
ஒரே திசையைப் பார்க்கும் மேசை விசிறி.
முதல் ராத்திரியே அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
மாசிலாமணி அண்ணன் சொன்னார்:
"ரத்தம் குடுத்த ஒடம்பும்மா. வேர்க்கக் கூடாது."

கொடுத்தது உண்மை.
ஆறு வருஷம் முன்பு
துறைமுகத்தில் சங்கிலி அறுந்து
என் வீட்டுக்காரர் தொடை கிழிந்து
ஸ்டான்லியில் கிடந்தபோது
பக்கத்துக் கட்டிலுக்குக் கமலாப்பழம் கொண்டுவந்தவர்
சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.
பெயர்கூடக் கேட்கவில்லை.
அன்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.
அந்தக் கால்தான் இப்போது
என் மகளின் புத்தகப்பை மேல் நீட்டியிருக்கிறது.

ஈரல் வேண்டும், வாரம் இரண்டு முறை.
வஞ்சிரம் வேண்டும்.
காசிமேட்டில் விலை கேட்டால்
என் பர்ஸ் தானே மூடிக்கொள்கிறது.
முள் எடுத்துத் தர வேண்டும்.
குடத்துக் கணக்கில் பிடிக்கும் லாரித் தண்ணீரில்
இரண்டு வேளைக் குளியல், சாயங்காலம் வெந்நீர்.
விளக்கு கண்ணைக் குத்துகிறதாம்.
பத்தாவது படிக்கிற பிரவீணா
மாடிப்படி பல்பின் கீழே
முக்கோணங்களை நிரூபித்துக்கொண்டிருக்கிறாள்.
கொசுக்கள் அவளிடமும் ஒரு பங்கு கேட்கின்றன.

குக்கர் விசில் வரும் நேரம் பார்த்து
ஒருநாள் தேசப்பனோடு சண்டை போட்டேன்.
தொடைத் தழும்பைத் தடவிக்கொண்டு
"இன்னான்னு சொல்றது" என்றார்.
உள்ளே ஓடுவதில்
தன்னுடையது எது, அண்ணனுடையது எது என்று
அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பதினெட்டாம் நாள் பையைத் தூக்கினார்.
முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.
"கேட் போட்டுட்டான்மா. எண்ணெ வண்டி.
நாப்பத்தெட்டு டேங்க் எண்ணிட்டேன், முடியவே இல்ல.
சரி, மத்தியானம் இன்னா கொழம்பு?"
அந்தக் கேட் திறந்தது.
அதன் பிறகு நூறு முறை திறந்திருக்கும்.
மீன்பாடி வண்டி, கல்யாண வேன், மாலை போட்ட ஒரு பிணம்
எல்லாம் தாண்டிப் போயின.

நாற்பத்தோராம் நாள்
எக்ஸ்போர்ட் கம்பெனியில் அரைநாள் சொல்லிவிட்டு
ஸ்டான்லிக்குப் போனேன்.
விரலைக் குத்திப் பார்த்தாள் நர்ஸ்.
பன்னிரண்டு புள்ளி ஆறு. தப்பித்தேன்.
"யாருக்கும்மா?"
"யாருக்காவது."
குழாயில் இறங்கியது
நான் நினைத்ததைவிடக் கறுப்பு.
மாம்பழ ஜூஸ் கொடுத்தார்கள், கிரீம் பிஸ்கட்டும்.
சத்தம் வரும்வரை உறிஞ்சினேன்.
எனக்கென்று யாரோ ஒருவர்
ஸ்ட்ரா குத்திக் கொடுத்து எத்தனை நாளாயிற்று.

ராத்திரி அவர் தட்டோரம்
உப்பு வைப்பதுபோல அட்டையை வைத்தேன்.
"கணக்கு நேராயிடுச்சுண்ணா."
விரலை நக்கிவிட்டு எடுத்து
கண்ணைக் குத்தும் அதே விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார்.
"ஓ பாசிட்டிவா? எனக்கும் அதாம்மா!
அப்போ நீயும் நமக்கு ரத்த சொந்தம் ஆயிட்ட."
தட்டை என் பக்கம் தள்ளினார்.
"இன்னும் ரெண்டு துண்டு போடு."

போட்டேன். தலையும் வாலும்.
நடுத்துண்டு என் தட்டில்.

விளக்கை அணைக்கும் முன்
விசிறியின் ஒடிந்த கழுத்தை
இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்,
எனக்கும் பிரவீணாவுக்கும் நேராக.
கர்ரென்றது.
இருட்டில் அவர் எழுந்து உட்காருவது தெரிந்தது.

"ரத்தம் குடுத்த ஒடம்புண்ணா" என்றேன்.
"வேர்க்கக் கூடாது."

தெருக்கோடியில் கேட் மணி அடித்தது.
போடுகிறார்களா, திறக்கிறார்களா,
படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.